விற்கப்போகும் வீட்டுக்கு எதைச் செய்வது, எதை விடுவது

பூநகரியில் வீடு பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது, "உறுதிக் காணியோ, பெமிற் காணியோ?" என்றுதான். அடுத்ததாகக் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளச் சொல்லித் தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பார். அதன் பிறகே வீட்டுக்குள் வந்து கூரையை அண்ணாந்து பார்ப்பார். சுவரின் நிறம் கடைசியில்தான் கண்ணில் படும். விற்கிறவர்களில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். கையிலிருக்கும் கொஞ்சக் காசையும், நகையை ஈடுவைத்து எடுத்த காசையும் பெயின்ற் வாளியில் கொட்டிவிடுகிறார்கள். பிறகு பத்திரம் சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கேட்ட விலையை விட்டு இறங்குகிறார்கள். வீட்டை விற்பனைக்கு ஆயத்தமாக்குவது வாங்க வருகிறவரின் பயங்களை ஒவ்வொன்றாகத் தீர்க்கும் வேலை. அந்தப் பயங்களில் பெரியவற்றைத் தீர்க்கக் காசு அதிகம் தேவைப்படாது, அலைச்சலும் பொறுமையுமே வேண்டும்.

கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்கே, யாழ்ப்பாணக் கடல் நீரேரியின் தென்கரையில் இருக்கிறது பூநகரி. 1993 நவம்பரில் பெரும் சண்டை நடந்த இடம் இது. 2008 நவம்பரில் இராணுவம் மீண்டும் பிடித்தபோது மக்கள் ஏற்கனவே கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்திருந்தார்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-32 வீதியால் நேரே வந்து இறங்கலாம் என்றானதும், நீரேரிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் காணி தேடி வரத் தொடங்கினார்கள்.

இன்று இங்கே விலைக்கு வரும் வீடுகளில் பல மீள்குடியேற்றத்துக்குப் பின் உதவித்திட்டங்களால் எழும்பியவை. அவற்றுள் பெரியது இந்திய வீடமைப்புத் திட்டம். அதன் இரண்டாம் கட்டம் 2012 ஒக்ரோபரில் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் தவணை தவணையாகக் கொடுக்கப்பட்டது, வீட்டைப் பயனாளியே முன்னின்று கட்டவேண்டும். அளவு ஏறத்தாழ 550 சதுர அடி. அத்திவாரம், சுவர், கூரை என்று போன காசு பல வீடுகளில் உட்பூச்சு வரைக்கும் வரவில்லை. கடன்பட்டு முடித்தவர்கள் உண்டு, அரைகுறையாகவே குடிபுகுந்தவர்களும் உண்டு. பூசாத கல் சுவர், முடியாத விறாந்தை, பின்னால் தனியாக மலசலகூடம், சுற்றிவரப் பெரிய வளவு: விற்பனைக்கு ஆயத்தமாக்க வேண்டிய வீடு பெரும்பாலும் இதுதான்.

பத்திரம்

வன்னிக் குடியேற்றக் காணிகளில் பெரும்பங்கு அரச காணி. முழங்காவில், ஜெயபுரம் போன்ற இடங்களில் உள்ளவர்களின் கையில் இருப்பது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ்க் கிடைத்த அனுமதிப்பத்திரமாகவோ (பெமிற்), அதற்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரமாகவோ இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விலையையே தீர்மானிக்கும். அனுமதிப்பத்திரக் காணியைத் தனிப்பட்ட முறையில் விற்கமுடியாது. அளிப்புக் காணியை விற்கலாம், ஆனால் அதற்கு முன்னரே பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் எழுதப்படும் உறுதி சட்டத்தின் முன் செல்லாது.

அப்படியிருந்தும் வெற்றுத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, நாலு பேரின் சாட்சிக் கையெழுத்தோடு பெமிற் காணி கைமாறுவது வன்னியில் புதிதல்ல. இதில் இரு பக்கமும் நட்டப்படுகிறது. வாங்குகிறவருக்கு அந்தத் தாளைக் காட்டி வங்கிக் கடன் எடுக்க முடியாது, பதிவும் செய்ய முடியாது. அந்த ஆபத்துக்கான கழிவை அவர் விலையிலேயே வெட்டிவிடுகிறார். அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்பட்ட பிள்ளை ஒருநாள் வந்து நின்றால், வாங்கியவர் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு விற்றவரின் வாசலுக்குத்தான் வருவார். அவசரத்துக்கு விற்கும் ஏழைக் குடும்பங்களே இந்தப் பொறியில் அதிகம் விழுகின்றன என்பதால், இதை எத்தனை தரம் சொன்னாலும் தகும்.

ஆகவே பெமிற் காணிக்காரர் பெயின்ற் கடைக்குப் போகுமுன் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போகவேண்டும். அனுமதிப்பத்திரத்தை அளிப்பாக மாற்றும் நிலையில் கோவை இருக்கிறதா, பின்னுரித்தாளர் பதிவு சரியா, பத்திரம் இறந்துபோன தகப்பனின் பெயரிலேயே கிடக்கிறதா என்று பார்க்கவேண்டும். இத்தகைய காணிகளுக்கு முழு உரித்துக் கொடுக்கும் நோக்கோடு 2024 பெப்ரவரியில் 'உறுமய' திட்டம் தொடங்கப்பட்டது. அதில் பத்திரம் பெற்றவர்கள் அதிலுள்ள நிபந்தனைகளை ஒரு சட்டத்தரணியிடம் காட்டி வாசித்தறிவது நல்லது. மாற்றத்துக்கு மாதங்கள் செல்லலாம், வருடமும் செல்லலாம். அதற்குள் விற்றே ஆகவேண்டிய அவசரம் இல்லையென்றால், காத்திருப்பதைப்போல் இலாபமான திருத்த வேலை அந்த வீட்டுக்கு வேறில்லை.

உறுதிக் காணிக்காரரின் சிக்கல் வேறு. இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்த குடும்பங்கள் ஏராளம். உறுதி தொலைந்தால் காணி தொலைந்தது என்று நினைத்து, தரகர் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது உரிமையாளரிடம் போகும் மூலப்பிரதி ஒன்று, காணிப் பதிவகத்துக்குப் போகும் இணைப்பிரதி ஒன்று, நொத்தாரிசின் கோவையில் தங்கும் பிரதி ஒன்று என்று மூன்று உருவாகின்றன. வீட்டிலிருந்த பிரதி போனாலும், பதிவகத்தின் பிரதியிலிருந்து உறுதிப்படுத்தப்பட்ட பிரதியொன்றை விண்ணப்பித்து எடுக்கலாம். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி தெரிந்திருந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் காணியின் பெயரையும் முன்னைய உரிமையாளரின் பெயரையும் வைத்துப் பதிவேட்டைத் தேடவேண்டும். பழைய ஈட்டு உறுதி, அயல் காணிக்காரரின் உறுதியில் எல்லையாகக் குறிக்கப்பட்ட பெயர், பழைய நில அளவைப் படம் எல்லாம் அப்போது துணைக்கு வரும். இதற்கான செலவு கட்டணமும் பஸ் காசும்தான்.

அடுத்தது தேசவழமை. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த இந்த வழக்காறு இன்றும் வடக்கின் தமிழர்களுக்குச் சட்டமாக இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முன்வாங்குரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியின் கூட்டுரிமையாளருக்கும், விற்பவர் மரணசாசனம் இல்லாமல் இறந்தால் உரித்தாளராகக் கூடியவர்களுக்கும் அந்தக் காணியை முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு நொத்தாரிசு மூலம் அறிவித்தல் கொடுக்காமல் வெளியாளுக்கு விற்றால் பின்னர் வழக்கு வரலாம். சகோதரங்கள் கொழும்பு, கனடா, லண்டன் என்று சிதறியிருக்கும் குடும்பத்தில் இந்த ஒரு வேலைக்கே மாதக்கணக்குப் போகும். வாங்குகிறவர் தேடி வந்தபின் தொடங்கினால் அவர் காத்திருக்கமாட்டார். வீடு விற்பதென்று முடிவெடுத்த அன்றே உரித்துக்காரர் எல்லோருக்கும் சொல்லி, தமக்கு வேண்டாம் என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியையோ முதுசக் காணியையோ விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்ற விதியும் நடைமுறையில் இருக்கிறது. கணவன் காணாமற்போன பெண்கள் நிறைந்த மண்ணில் இந்த விதி கொடூரமாகவே வேலை செய்கிறது. இதற்கு ஒரு வழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் கணவன் இருக்கும் இடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க இடம் கொடுக்கிறது. 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி வழங்கப்படும் காணாமற்போனமைச் சான்றிதழ் இந்த விண்ணப்பத்துக்கு உதவும். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்காகவே வந்த ஏற்பாடு அது. வழக்குச் செலவுக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வருமானம் குறைந்தவர்களுக்காக அது இலவசமாக வழக்காடுகிறது.

பத்திர வேலையில் கைக்காசு இறக்கத் தகுந்தது ஒன்றுதான். எல்லையில் இழுபறி இருந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல்லைக் கண்டுபிடித்து நட்டுவிடுவது. பழைய படம் இருக்கிறதென்றால் புதுப் படம் கீறத் தேவையில்லை, அந்தப் படத்தின்படி எல்லையைக் காட்டிவிட்டால் போதும். உறுதியில் 16 பரப்பு, அதாவது ஓர் ஏக்கர், என்று எழுதியிருக்க வேலிக்குள் 15 பரப்பே இருந்தால், அந்த ஒரு பரப்பு எங்கே போனது என்பது வாங்குகிறவர் கேட்குமுன் விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தண்ணீர்

பூநகரியில் நல்ல தண்ணீர்க் கிணறு வீட்டின் பாதி விலை என்று சொன்னால் மிகையில்லை. மூன்று பக்கமும் உப்புநீர் சூழ்ந்த இந்தத் தரைநாக்கில், மழைநீர் மணலுக்குள் இறங்கி, உப்புநீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் மேலே நிற்கிறது. இந்தச் சமநிலை மிகவும் நொய்தானது. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால் அடியிலுள்ள உப்புநீரின் எல்லை 40 அடி வரை மேலேறும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. பெரிய மோட்டர் பூட்டி ஒரேயடியாக இறைக்கும் கிணறு உவராவது இதனால்தான். வறட்சி மாதங்களில் பவுசர் தண்ணீருக்குக் காத்திருக்கும் கிராமங்கள் பூநகரியில் உள்ளன என்பதை வாங்க வருகிறவர் அறிந்தே வருவார்.

வீடு விற்குமுன் கிணற்றை முழுதாக இறைத்துத் துப்பரவாக்குவது வழக்கம். இந்த மண்ணில் அதைக் கவனமாகச் செய்யவேண்டும். நன்னீர்ப் படை மெல்லியதாக உள்ள இடத்தில் அடிமட்டம் வரை இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலே இழுபட்டு, நல்ல கிணறு சில காலத்துக்காவது கெட்டுப்போகும். பாதி மட்டும் இறைத்து, கப்பியும் வாளியுமாகச் சேற்றையும் சருகையும் அள்ளி, ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் செய்வது பாதுகாப்பானது. ஆள்கூலியைத் தவிர இதற்குச் செலவில்லை. பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு, கிணற்றின் நீரளவுக்கேற்ற குளோரின் இடலாம்.

தண்ணீர் நல்லதென்றால் அதைத் தாளில் காட்டுவது நல்லது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்த அறிக்கை ஒன்று கையில் இருந்தால், பேரம் பேச வந்தவரின் வாய் பாதி அடைபடும். உவர் கலந்த கிணறாக இருந்தால் அதை மறைத்துப் பயனில்லை. மாரியில் இனிக்கும் கிணறு ஆவணியில் கரிக்கும் என்பது அயலுக்கெல்லாம் தெரியும். அந்த வீட்டுக்குச் செய்யக்கூடியது கூரை நீரைப் பிடிப்பது. பீலி பூட்டி, ஏற்கனவே இருக்கும் தொட்டியின் வெடிப்பை அடைத்து, மூடி போட்டுக் காட்டினால் குடிநீருக்கு வழி இருக்கிறதென்று தெரியும். புதுத் தொட்டி கட்டுவதென்றால் விற்பவரின் செலவு திரும்பி வராது, அதை வாங்குகிறவருக்கே விட்டுவிடலாம்.

கிணறு பங்குக் கிணறா, தனிக் கிணறா என்பதும் பத்திரத்தோடு சேர்ந்த விடயம். வடக்கின் உறுதிகளில் வீடு, கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால், தான்தோன்றி செய்தோன்றி எல்லாம் தனித்தனியே எழுதப்படும். உறுதியில் கால்பங்கு என்றிருக்க முழுக் கிணற்றையும் காட்டி விலை பேசுவது பின்னர் கோட்டுப் படியில்தான் போய் முடியும்.

கூரையும் சுவரும்

கூரையில் ஒழுக்கு இருந்தால் மற்ற எந்த வேலையும் நிலைக்காது. ஓட்டுக் கூரைக்குச் செலவு குறைவு. உடைந்த ஓட்டை மாற்றி, முகட்டோட்டின் வெடித்த சாந்தைச் சுரண்டிப் புதிதாக வைத்து, பனங்கைமரத்திலும் சிலாகையிலும் கறையான் ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தால் போதும். வைரம் ஏறிய பனைமரம் கறையானைத் தாங்கும், வெளிறு தாங்காது. கறையானுக்குக் கழிவு ஒயில் பூசுவது ஊர் வழக்கம். மலிவுதான், ஆனால் வீட்டைக் காட்டும் நாள்வரை அதன் மணம் போகாது. நிலத்தில் சிந்தினால் கிணற்றையும் கெடுக்கும். புற்றை உடைத்து, மண்பாதையைச் சுரண்டி, பழுதான துண்டை மட்டும் மாற்றுவது மேல். சீற் கூரையானால் ஒன்றை மறக்கக்கூடாது: அஸ்பெஸ்டஸ் தூசு புற்றுநோயைத் தருவது. பாசி போக்குவதற்கென்று பழைய சீற்றைச் சுரண்டுவதும் உரோஞ்சுவதும் வேண்டாம்.

சுவர்களில்தான் பூநகரிக்கே உரிய தொல்லை இருக்கிறது. நிலத்து ஈரம் அத்திவாரம் வழியே சுவரில் ஏறும்போது கரைந்த உப்பையும் கூடவே கொண்டுவருகிறது. வெளிப்பரப்புக்கு வந்ததும் நீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே பளிங்காகி விரியும். அந்த விரிவின் அழுத்தத்தில் பூச்சு பொருமி, பொடிந்து, கையால் தடவினால் மாவாகக் கொட்டும். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் வெள்ளைப் பொடியாகக் கோடுபோட்டிருப்பது இதுதான். இதன்மேல் எமல்சன் பெயின்ற் அடித்தால் அடுத்த மாரி முடியுமுன் தோலுரிந்ததுபோல் கழன்று தொங்கும். ஒவ்வொரு தடவையும் இதற்கே காசைக் கொட்டுகிறவர்களைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறதென்று அறியச் செலவில்லாத சோதனை ஒன்றுண்டு. ஒரு சாண் சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நாலு கரையையும் இறுக ஒட்டி, ஓரிரவு விடவேண்டும். காலையில் பொலித்தீனின் உட்பக்கம், சுவரை ஒட்டிய பக்கம், வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமென்றால் அது காற்றின் ஈரம், யன்னலைத் திறந்துவிட்டால் தீரும்.

உள்ளிருந்து வரும் ஈரத்தை முற்றாக நிறுத்துவது பெருஞ்செலவு. விற்கும் வீட்டுக்குச் செய்யத்தக்கது இவ்வளவு: காய்ந்த தும்புத் தூரிகையால் உப்பைத் தட்டி வெளியே கொண்டுபோய்க் கொட்டவேண்டும், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மீண்டும் சுவருக்குள்ளேயே இறங்கும். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் சுவரோரம் தேங்காமல் மண்ணைச் சரித்து வாய்க்கால் வெட்டவேண்டும். சுவரோடு அணைத்துக் குவித்த மணலையும் பூச்சாடியையும் அகற்றவேண்டும். பிறகு சுண்ணாம்பு அடிக்கலாம். சுண்ணாம்புப் பூச்சு சுவரை மூச்சுவிட வைக்கும், ஈரம் வந்து காய்ந்து போகும், பூச்சு கழராது. ஊறவைத்து வடிகட்டிய சுண்ணாம்பைப் பால்போல் நீர்க்கக் கரைத்து, பிடிப்புக்குக் கொஞ்சம் வச்சிரமும் வெண்மைக்குச் சிட்டிகை நீலமும் சேர்த்து, சுவரைச் சற்று நனைத்துவிட்டு மூன்று தரம் அடிப்பது பழைய முறை. எமல்சனுக்கு ஆகும் செலவில் சிறு பங்கே இதற்கு ஆகும். ஒரு லீற்றர் எமல்சன் வழவழப்பான சுவரில் ஒரு தரம் அடிக்க ஏறத்தாழ 100 சதுர அடிக்கு வரும், பூசாத கல் சுவரில் அதில் பாதிக்கும் தேறாது. அப்படிப்பட்ட சுவரில் எமல்சன் அடிப்பது காசைக் கல்லுக்குக் குடிக்கக் கொடுப்பது.

பூசாத வீட்டை முழுவதும் பூசி விற்பதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். வேண்டாம் என்பதே பதில். 2022 நெருக்கடியில் ஒரு வருடத்துக்குள் சீமெந்து விலை இரட்டிப்பைத் தாண்டியது. அதன்பின் இறங்கினாலும் பழைய விலைக்குத் திரும்பவில்லை, மேசன் கூலியும் அப்படியே. முழுப் பூச்சுக்குப் போட்ட காசு விலையில் திரும்பி வருவது அரிது. குசினி அடுப்படிச் சுவர், குளிக்கும் இடம், வீட்டு முகப்பு ஆகிய மூன்றை மட்டும் பூசி, மற்றச் சுவர்களுக்குக் கல்லின்மேலேயே சுண்ணாம்பு அடித்தால் வீடு வெளிச்சமாகத் தெரியும். பூசும்போது கடற்கரை மணலையும் உவர்த் தண்ணீரையும் தொடக்கூடாது, அந்தப் பூச்சு முதல் மழைக்கே உப்பைக் கக்கும். பூசியபின் ஒரு கிழமை நனைத்துவிட்டு, ஒரு மாதம் காயவிட்டே நிறம் அடிக்கவேண்டும். ஆகவே இந்த வேலைகளைச் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில், சோளகம் வீசும் காலத்தில் வைத்துக்கொள்வது சரி. வாடை தொடங்கி மாரி பிடித்தால் எதுவும் காயாது. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து சனம் வருவதும் ஆடி ஆவணியில்தான், அதற்குள் வேலை முடிந்திருந்தால் நல்லது.

யுத்தத்துக்கு முந்திய சுவர் ஏதும் தப்பி நின்றால் அதில் ஷெல் துண்டு பட்ட குழிகள் இருக்கும். சிறியவற்றை ஒன்றுக்கு நாலு சாந்தால் அடைக்கலாம். பெரியதற்குக் கோழிக்கூட்டு வலை வைத்துப் பூசவேண்டும். வெடிப்புகளில் மயிரிழை வெடிப்பு கவலைக்குரியதல்ல. மூலைவிட்டமாகப் போகும் வெடிப்பின் முனையில் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி வைத்தால், அது வளர்கிறதா நின்றுவிட்டதா என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். வளரும் வெடிப்பைப் பூசி மறைத்து விற்கக்கூடாது. இலங்கையில் காணி, வீடு விற்பனைக்கு ரோமன்-டச்சுச் சட்டம் பொருந்துகிறது. அதன்படி மறைந்துள்ள குறைக்கு விற்றவர் பொறுப்பாக நேரிடும். வெடிப்பைச் சொல்லி, விலையில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வது நேர்மையானதும் மலிவானதும்.

மலசலகூடம் துப்பரவாக, கதவு பூட்டத்தக்கதாக இருக்கவேண்டும். அதன் குழி கிணற்றுக்கு 50 அடிக்குள் இருந்தால் வாங்குகிறவர் கவனிப்பார், அது விலையில் தெரியும். உடைந்த சுவிச்சுகளை மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு மாற்றி, மின்சார நிலுவையைக் கட்டி, கடைசிப் பட்டியலை எடுத்து வைத்தால் உள்வேலை முடிந்தது.

வளவு

வளவுக்குக் காசு வேண்டாம். கதியால் வேலியில் செத்த தடிகளைப் பிடுங்கி, மாரித் தொடக்கத்தில் கிளுவையோ பூவரசோ வெட்டி நட்டால் அடுத்த கோடைக்கு வேலி பச்சையாக நிற்கும். படலை ஒரு கையால் திறபடவேண்டும். பழைய தகரம், உடைந்த கதிரை, உதவித்திட்டக் காலத்து மிச்சக் கற்குவியல் எல்லாம் போகவேண்டும். கற்குவியல் பாம்புக்கு வீடு என்பது எல்லோருக்கும் தெரியும்.

வளவை வெளியாகக் காட்டுவதற்காக மரம் வெட்டுவது பெரும் தவறு. தென்னை, மா, முருங்கை, வேம்பு எல்லாம் இந்த வெயிலில் விலைக்குரியவை. பெண்பனையும் பலாவும் வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதியும் வேண்டும். காவோலையைக் கழித்து, மரத்தடியைக் கூட்டிவிட்டால் போதும். அயலில் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்த இடமானால், அந்தக் காணி விடுவிக்கப்பட்டதற்கான ஆவணம் ஏதும் கையிலிருந்தால் எடுத்து வைக்கலாம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வருகிறவர்கள் அதைக் கேட்பார்கள்.

விலையும் கைமாற்றமும்

விலையை அயலில் உண்மையில் எழுதி முடிந்த விலைகளை வைத்தே போடவேண்டும். பூநகரியில் வதந்தி விலை அடிக்கடி ஏறும். மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்க முன்வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் அந்தத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. வரப்போகும் திட்டத்தை நம்பிக் கூடிய விலை சொல்லிக் காத்திருந்தால், அந்தக் காலத்தில் வீடு பூட்டிக் கிடந்து கறையானுக்கு இரையாகும். தரகரோடு கூலியை முதல் நாளே பேசி எழுதிக்கொள்ள வேண்டும், கிடைக்கும் விலையில் எத்தனை வீதம், யார் கொடுப்பது என்பதுவரை.

வெளிநாட்டு உறவினர் வாங்க வந்தால் முதலில் கேட்கவேண்டியது அவரது குடியுரிமை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம் வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை பெற்றவர்கள் வாங்கலாம். இதைப் பேசாமல் விலை பேசி, அச்சவாரம் வாங்கிச் செலவழித்தபின் உறுதி எழுத முடியாமல் நிற்கும் நிலை பரிதாபமானது. வீட்டுக்காரரே வெளிநாட்டில் இருந்தால் விற்பவருக்கு அற்றோணித் தத்துவம் வேண்டும். அது அங்குள்ள இலங்கைத் தூதரகம் வழியாக முறைப்படி உறுதிப்படுத்தப்பட்டு இங்கே பதியப்பட்டதா என்று நொத்தாரிசு பார்ப்பார், வாங்குகிறவரும் பார்க்கவேண்டும்.

அச்சவாரம் வாங்கும்போது துண்டு ரசீதோடு நிற்கக்கூடாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனைக்கு மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் நொத்தாரிசு முன்னான எழுத்து வேண்டும். வெறும் தாளில் எழுதியது இருவரையும் காப்பாற்றாது. முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசுக் கூலியும் வாங்குகிறவர் கொடுப்பது வழக்கம், அதையும் முன்பே பேசிவிட வேண்டும்.

கைமாறும் நாளில் பணத்தை வங்கி வழியாக வாங்குவதே பாதுகாப்பு. பணம் கணக்கில் விழுந்ததை உறுதிசெய்தபின் உறுதியில் கையெழுத்திட வேண்டும். அன்றே மின்மானியின் வாசிப்பை இருவரும் பார்த்து எழுதிக் கையெழுத்திட்டு, மின்சாரக் கணக்கின் பெயர்மாற்றத்துக்குரிய கடிதத்தையும் கொடுக்கலாம். சோலைவரி அறவிடப்படும் இடமானால் பூநகரிப் பிரதேச சபையின் ரசீதுகளையும், தண்ணீர் அறிக்கையையும், பழைய நில அளவைப் படத்தையும், திறப்புகளையும் சேர்த்து ஒரே கோவையாக ஒப்படைத்து, ஒப்படைத்தவற்றின் பட்டியலில் வாங்கியவரின் கையெழுத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்பட்டுவிட்டதா என்று சில கிழமைகளின் பின் நொத்தாரிசிடம் கேட்டறிவது விற்றவரின் கடைசி வேலை.